பன்னிரண்டு நாள் காய்ச்சல்

2025 ஜூலை 22, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். வெளியே தூறல். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். இட்லி, தேங்காய்ச் சட்னி. இரண்டு டிபன் பாக்ஸ், ஒன்று எனக்கு, ஒன்று வீட்டுக்காரருக்கு. 6.25க்குக் காளப்பநாயக்கன்பட்டி பஸ் நிறுத்தம். 6.40 பஸ் 6.48க்கு வந்தது. வலது பக்கம் மூன்றாவது ஜன்னல் இருக்கை கிடைத்தது. மலை ஏறி, தேவனூர் நாடு என்கிற மலைப்பகுதியில் எங்கள் பள்ளி நிறுத்தத்தில் இறங்கியபோது 8.37. வழிபாட்டுக் கூட்டம் 9.10. எட்டாம் வகுப்பில் பதினாறு பேர். வந்தவர்கள் பதினைந்து பேர்.

இதுவரை என் நாட்குறிப்பில் உள்ளபடி. இருபத்தாறு வருடமாக இப்படித்தான் எழுதுகிறேன். எழுதாத நாள் மொத்தம் ஒன்பது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் ஒரு பக்கம் போதாமல், அடுத்த மூன்று நாட்களின் இடத்தையும் எடுத்துக்கொண்டேன். சுருக்கி எழுதியதை இப்போது விரித்து எழுதுகிறேன்.

வராத ஒருத்தியின் விடுப்பு விண்ணப்பம், பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பெண்ணின் கையில் வந்தது. "எனக்குக் காய்ச்சலாக இருப்பதால் இன்று ஒரு நாள் மட்டும் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." அழகான கையெழுத்து. அவளுக்குப் பதின்மூன்று வயது, கணக்கில் வகுப்பிலேயே முதல். ஜூன் 19 தொடங்கி இதுபோல் பன்னிரண்டு விண்ணப்பங்கள். பன்னிரண்டிலும் அதே வரி. கீழே அம்மாவின் கையெழுத்து மட்டும் மாறியிருந்தது. போன வருடம் வரைக்கும் சீராக வலப்பக்கம் சாய்ந்து இருக்கும். இப்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் கோணல்மாணலாக, ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அவளே போட்டிருக்கிறாள் என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

வராத ஒவ்வொருவருக்கும் செல்போனில் ஒரு காரணம் குறிக்க வேண்டும். அதற்குத் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும். பயிற்சி ஒன்றில் எங்களுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். வருகை தொடர்பான சொற்களும் அவற்றின் விளக்கமும் அதில் இருந்தன. வருகைப் பதிவேட்டின் உள்ளட்டையில் அதை ஒட்டி வைத்திருந்தேன். அனுமதியுடன் விடுப்பு, தகவலின்றி வராமை, தொடர் வராமை, நாள்பட்ட வராமை, இடைநிற்கும் அபாயம், இல்லச் சந்திப்பு, மீள்சேர்க்கை, குறைதீர் கற்பித்தல், பொதுத் தொகுப்பு. எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்வேன். தொடர் வராமை என்றால் ஒரேயடியாகப் பல நாள் வராமல் இருப்பது. அது கண்ணில் படும். மேலே இருந்து கேட்பார்கள். நாள்பட்ட வராமை என்பது விட்டுவிட்டு வராதது. இன்று வந்து, நாளை வராமல், மறுநாள் வந்து, மொத்தத்தில் நிறைய நாள் போய்விடும். அதை வகுப்பாசிரியர்தான் கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பெண் ஒரு தடவைகூட மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராமல் இருந்ததில்லை.

நான் கூட்டிப் பார்த்திருந்தேன். பென்சிலில் ஓரத்தில் எழுதியும் வைத்திருந்தேன். ஆனாலும் ஒவ்வொரு நாளும் 'அனுமதியுடன் விடுப்பு, காய்ச்சல்' என்றே குறித்தேன். கையில் விண்ணப்பம் இருக்கிறதே என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம். உண்மைக் காரணம் வேறு. வேறு மாதிரி குறித்தால் இல்லச் சந்திப்புக்குப் போக வேண்டும். அவள் வீடு ரோட்டிலிருந்து செங்குத்தாக இறங்கும் பாதையில் இருக்கிறது. பள்ளி 4.10க்கு விடும். போய்த் திரும்பினால் 4.50 பஸ் போய்விடும், அடுத்தது இரவு எட்டு மணிக்கு.

நான் அறியாதவளாக இருந்திருந்தால் பரவாயில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இன்னொரு பெண், இதே எட்டாம் வகுப்பு, இதே விட்டுவிட்டு வராமைதான். நான் இல்லச் சந்திப்புக்குப் போனபோது வீடு பூட்டியிருந்தது. பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளின் பெயர்களை, வேறு பள்ளி எதுவும் சேர்த்துக்கொள்ளும்வரை போட்டு வைக்கும் இடத்துக்குத்தான் பொதுத் தொகுப்பு என்று பெயர். அவள் பெயரை அதற்கு அனுப்பியது நான்தான். அவள் பெயர் இன்னும் அங்கேயே இருக்கிறது. போன வருடம் பஸ்ஸில் பார்த்தேன். மில்லுக்குப் போகிற பெண்களோடு பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். "நல்லா இருக்கீங்களா டீச்சர்" என்று கேட்டு, நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை 11.05க்குப் பள்ளி வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழு. டாக்டர் இளம்பெண், கூட ஒரு நர்ஸ். வழக்கமாக அவர்கள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடை, உயரம், பல், கண் பார்ப்பார்கள். அன்று டாக்டர் கையில் ஒரு பெயர் மட்டும் இருந்தது.

"இந்தப் பிள்ளைக்கு அஞ்சு வாரத்துல, நேத்து வரைக்கும் பதினோரு தடவை காய்ச்சல்னு பதிவாகியிருக்குங்க. நீங்கதானே போட்டது? விட்டுவிட்டு இத்தனை தடவை வந்தா ரத்தம் எடுத்துப் பார்க்கணும். பிள்ளைய வரச் சொல்லுங்க."

"இன்னைக்கும் வரலைங்க."

"இன்னைக்கும் காய்ச்சலா?"

நான் விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, "அப்ப ஊட்டுக்கே போயிரலாம்" என்றார். தலைமை ஆசிரியர் என் வகுப்பைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். 11.20க்குக் கிளம்பினோம்.

ஜீப் போகிற வரை போய், பிறகு நடந்தோம். தூறல் நின்றிருந்தது, பாதை வழுக்கியது. வீடு சாத்தியிருந்தது. கொஞ்சம் கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"காய்ச்சலுங்களா?" என்று அவர் என்னையும், ஊசிப் பெட்டி தூக்கியிருந்த நர்ஸையும் மாறிமாறிப் பார்த்தார். "அது அங்க சாமைக் காட்டுல களையெடுத்துட்டு இருக்குதுங்களே."

சில்வர் ஓக் மரங்களைத் தாண்டியதும் காடு தெரிந்தது. ஏழு பேர் வரிசையாகக் குனிந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஆறு பெண்கள், ஏழாவது அவள். அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துத் தலையில் கட்டியிருந்தாள். வரிசையில் எல்லாரையும்விட இரண்டு முழம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். காட்டின் ஓரத்தில் அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர் மூன்று கல் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தார். பச்சைத் துண்டை முண்டாசாகக் கட்டிய பருமனான பெண்மணி. எங்களை முதலில் பார்த்தவர் அவர்தான்.

"ஏனுங்க டீச்சர், ஊசிக்காரங்களையும் கூட்டியாந்துட்டீங்க? யாருக்கு என்னாச்சுங்க?"

டாக்டர் அவள் பெயரைச் சொல்லி, அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு நாள் காய்ச்சலாமே என்றார். அடுப்படியில் இருந்தவரையும் சேர்த்து ஏழு பெண்களும் சிரித்தார்கள்.

"காய்ச்சல்காரி களையெடுக்கற வேகத்தைப் பாருங்க. எங்களுக்கெல்லாம் அந்தக் காய்ச்சல் வந்தாத் தேவலை" என்றார் ஒருவர்.

அவள் மட்டும் நிமிரவில்லை. கையிலிருந்த களையைக் கீழே போடவும் இல்லை. நான் வரப்பிலேயே நின்று கேட்டேன்: "எதுக்குக் கண்ணு பொய் எழுதுன?"

"நீங்க சொல்லிக்குடுத்த லெட்டர்ல அதுதானுங்க டீச்சர் இருந்துச்சு."

அது உண்மை. ஆறாம் வகுப்பில் விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்தது நான்தான். கரும்பலகையில் எழுதி, எல்லாரையும் பார்த்து எழுதச் சொல்லி, பிழை திருத்தியிருக்கிறேன். எனக்கு என் ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததும் அதே காய்ச்சல் விண்ணப்பம்தான். வேறு காரணத்துக்கு விடுப்புக் கேட்டு எழுதலாம் என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே விண்ணப்பத்தை அவள் ஒற்றைப் பிழை இல்லாமல் பன்னிரண்டு தடவை எழுதியிருக்கிறாள்.

அதற்குள் பலா மரத்தடியிலிருந்து அவள் அம்மா எழுந்து வந்தார். வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. அதைத் துண்டில் தொட்டில்போல் கழுத்தில் மாட்டியிருந்தார். ஜூன் 18 அன்று தண்ணீர்க் குடத்தோடு படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். கையெழுத்தெல்லாம் இடது கையால் போட்டது. பிள்ளை பேனாவைப் பிடித்துக்கொடுக்க, இவர் போட்டிருக்கிறார். ஐந்து வாரம் அந்தக் கையெழுத்தைப் பார்த்து நான் நினைத்ததையெல்லாம் நினைத்து, அவரை நேராகப் பார்க்க எனக்குச் சிறிது நேரம் ஆனது.

பிள்ளையின் அப்பா கோயம்புத்தூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார். இங்கே எட்டு வீடுகள் சேர்ந்து வேலை செய்கின்றன. இன்று ஒரு வீட்டுக் காடு, அடுத்த முறை இன்னொரு வீட்டுக் காடு. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும். மாத்தாள் என்பார்கள். ஒரு வீடு ஆள் அனுப்பாவிட்டால் அதன் காட்டுக்கும் ஆள் வராது. குச்சிக்கிழங்குக் காட்டில் களை, பிறகு சாமைக் காட்டில் களை என்று வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள். கை உடைந்த மறுநாளிலிருந்து அந்த வீட்டு ஆள் இவள்தான்.

டாக்டர் பிள்ளையை விட்டுவிட்டு அம்மாவின் கையைப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொன்னார். "கட்டு கட்டுனவர் நல்லாத்தான் கட்டியிருக்காருங்க. ஆனா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துருவோம், இப்பவே ஜீப்புல வாங்க. இன்னும் ஒன்றரை மாசத்துக்கு இந்தக் கையால ஒரு களைகூடப் புடுங்கக் கூடாது."

"ஒன்றரை மாசமுங்களா" என்றார் அம்மா. மகள் பக்கம் திரும்பினார். "அப்ப அதுவரைக்கும் இவதானுங்க வரோணும். பொறவு பள்ளிக்கூடம் போயிக்கட்டும்."

அந்தப் 'பொறவு' எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் பூட்டிக் கிடந்த கதவின் முன்னால் நான் நின்றது அந்தப் பொறவுக்கு அப்புறம்தான். ஒன்றரை மாதத்தில் களை முடியும், அறுப்பு வரும். அதற்குள் இவளுக்குப் பாடம் எட்டாத தூரம் போயிருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள் வருவாள், இரண்டு நாள் வரமாட்டாள், பிறகு வரவே மாட்டாள்.

நான் பேசினேன். தாளில் உள்ளபடிதான் பேச வந்தது. நாள்பட்ட வராமை என்றேன், இடைநிற்கும் அபாயம் என்றேன்.

"நாள்பட்டதுன்னா புண்ணு தானுங்க டீச்சர்" என்றார் வரிசையில் ஒருவர். மறுபடி சிரிப்பு.

அதற்குப் பிறகு எண்களை மட்டும் சொன்னேன். "கை உடைஞ்சதுல இருந்து பள்ளிக்கூடம் நடந்தது இருபத்தி நாலு நாளுங்க. இவ வராதது பன்னெண்டு நாள்."

வரிசையில் இருந்தவர்களில் மூத்தவர் விரல் விட்டு எண்ணவில்லை. "பாதிக்குப் பாதி" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு நாளு ஒரு நாளுன்னு தானுங்க அனுப்புனேன். அவ்வளவு ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க."

பச்சை முண்டாசுக்காரர் களித் துடுப்பை வெளியே எடுத்து, விளிம்பில் தட்டினார். "ஏம்புள்ள" என்று அம்மாவைக் கூப்பிட்டார். "உன்ற இடது கை நல்லாத்தான இருக்குது?"

"இருக்குதுங்க அக்கா."

"அப்ப நீயே சோறாக்கு. நான் களைக்கு எறங்கறேன். ஆளு கணக்கு சரியாத்தான வருது?"

வழக்கப்படி, யார் காட்டில் வேலையோ அந்த வீட்டுக்காரிதான் எல்லாருக்கும் சமைக்க வேண்டும். அவர் களையெடுக்க மாட்டார். தன் காட்டுக்கு வந்தவர்களுக்குத் தன் கையால் சோறு போடுவது மரியாதை. இன்னொருத்தி கையில் அடுப்பை விடுவது இந்த எட்டு வீட்டில் நடந்ததே இல்லை. அதனால்தான் ஐந்து வாரமாக இது யாருக்கும் தோன்றவில்லை. சொன்ன பிறகும் மற்றவர்கள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

"என்ற காட்டுக்கு வந்தவங்களுக்கு இன்னொருத்தி சோறாக்குனா ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்றார் ஒருவர்.

"உன்ற குழம்பத் தின்னதுக்கு இது எவ்வளவோ மேலுன்னு சொல்லுவாங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஆமா, ஒத்தக் கையில எப்படிங்க களி கிண்டறது?" என்றார் இன்னொருவர். அது நியாயமான கேள்வி. எட்டுப் பேருக்குக் களி கிண்ட இரண்டு கையும் போதாது. காலால் பானைக்கு முட்டுக்கொடுக்க வேண்டும்.

மூத்தவர்தான் முடித்து வைத்தார். "களி வேண்டாம். சோறாக்கட்டும். ஒன்றரை மாசம் களி திங்காட்டி யாரு சாகப்போறது? சட்டிய எறக்க ஒருத்தி கை குடுத்தாப் போதும். கைக்குழந்தைங்களையும் அவளே பாத்துக்கட்டும். ஊட்டுக்கு ஒரு ஆளு, அவ்வளவுதான கணக்கு? ஆளு வந்துருச்சு."

ஏழு பேரும் ஒவ்வொருவராகச் சரி என்றார்கள். ஊரில் என்ன சொல்லுவார்கள் என்று கேட்டவர் கடைசியில், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு சொன்னார். ஆனால் சொன்னார்.

நான் செய்தது ஒன்றுமில்லை. இரண்டு எண்கள் சொன்னேன். தங்கள் வீட்டு மரியாதையில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தது அவர்கள். எட்டு வீட்டில் ஒரு வீட்டுப் பிள்ளைக்காக மற்ற ஏழு வீடும் களியை விட்டு, அடுப்பை விட்டு, அதைப் பெரிய காரியமாகப் பேசாமலும் விட்டார்கள். நான் நன்றி சொல்ல வாயெடுத்தபோது பச்சை முண்டாசுக்காரர் ஏற்கனவே களிப் பானையை இறக்கி வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசைக்கு வந்திருந்தார்.

"நீ எந்திரி சாமி" என்று பிள்ளையின் தோளைத் தட்டினார். "இது என்ற எடம். போயிப் படிக்கற வேலையப் பாரு. நாளைக்கு இங்க உன்னப் பாத்தேன்னா நானே ஊசி போட்டுருவேன்."

அவள் கையிலிருந்த களையை அப்போதுதான் கீழே போட்டாள். வரப்பில் ஏறி என் பக்கத்தில் வந்து நின்றாள். வீட்டு வாசலில் அவளை விட்டபோது, "எத்தனை பாடம் போயிருச்சுங்க டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

"கணக்குல ரெண்டு. அறிவியல்ல மூணு."

அன்றைய களி ஆகிவிட்டதால், அம்மாவை ஜீப்பில் முன்னால் உட்காரவைத்தார்கள். டாக்டர் ஏறும் முன் நான் அவரிடம் என் தவறைச் சொன்னேன்: விசாரிக்காமல் காரணம் குறித்தது, பஸ்ஸுக்குப் பயந்தது, எல்லாம். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நீங்க சரியாப் போட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டேனுங்க. அந்தக் கைய யாரும் பாத்திருக்க மாட்டாங்க. ஆனா இனிமே சரியாப் போடுங்க" என்றார். பள்ளியில் என்னை இறக்கிவிட்டபோது 1.10. ஐந்து வாரமாக நான் தள்ளிப்போட்ட இல்லச் சந்திப்புக்கு ஆன நேரம் ஒரு மணி ஐம்பது நிமிடம்.

மதியம் பதிவேட்டில் பன்னிரண்டு இடத்திலும் பழைய காரணத்தைச் சிவப்பு மையால் ஒற்றைக் கோடு அடித்து, மேலே 'தாய்க்குக் கை முறிவு. தாய்க்குப் பதிலாகக் காட்டு வேலை' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன். செல்போனில் பழைய பதிவைத் திருத்த முடியாது. அதனால் நடந்ததை விளக்கி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். தலைமை ஆசிரியர் பதிவேட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"டீச்சர், இந்த மாதிரி ஒரு காரணம் லிஸ்ட்லயே இல்லியே?"

"இல்லீங்க சார். ஆனா அதுதான் காரணம்."

அவர் பேனாவைக் கேட்டு வாங்கி, பன்னிரண்டு இடத்திலும் என் ஒப்பத்துக்குப் பக்கத்தில் தன் ஒப்பத்தையும் போட்டார். கடிதத்திலும் கீழே போட்டார். மேலே இருந்து விளக்கம் கேட்டால், பதில் சொல்லும் பொறுப்பில் பாதி இப்போது அவருடையது. அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. டீ குடித்தீர்களா என்று கேட்டார்.

4.50 பஸ் 4.53க்கு வந்தது. அன்று இரவு நாட்குறிப்பு எழுதி முடிக்க 9.40 ஆனது. அந்த ஏழு பெண்களையும் கடைசியில் வரிசையில் நின்ற ஒழுங்கிலேயே எழுதி வைத்தேன்.

மறுநாள், ஜூலை 23, புதன்கிழமை. பஸ் சரியான நேரம். 8.35க்குப் பள்ளிக்கு வந்தேன். அவள் எனக்கு முன்னால் வந்து வகுப்பு வாசலில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். பதிவேட்டைத் திறக்கவில்லை, கரும்பலகையைத் துடைக்கவில்லை. பையை மேசையில் வைத்துவிட்டு, முதல் வேலையாக அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, ஜூன் 19 அன்று நடத்திய பாடத்தை எடுத்தேன். விகிதமுறு எண்களை எண்கோட்டில் குறிப்பது. பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் மூன்று கோடு போடச் சொன்னேன். ஸ்கேல் வைத்து, ஒரே அளவாகப் போட்டாள்.